நலமும் முழுமையும்

நாள்தோறும் கைமாறும் நாணயத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. செல்லுமா, செல்லாதா என்பதுதான் நமக்கு வேண்டியது. சொற்களையும் நாம் அப்படித்தான் வழங்குகிறோம். டாக்டர், நர்ஸ், பேஷண்ட், ஆஸ்பத்திரி என்று நம் வீட்டுத் திண்ணை வரை வந்து குடியேறிவிட்ட அயல்நாட்டுச் சொற்கள் பல. ஆங்கிலம் படிக்காத பாட்டியும் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் 'டாக்டரிடம் காட்டு' என்றுதான் சொல்லுகிறாள். இந்தச் சொற்களின் பிறப்பைத் தேடிப் போவது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நோயுற்ற மனிதனுக்கு நோயில்லாத மனிதன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்விக்குச் சில பழைய விடைகள் அவற்றுக்குள்ளே புதைந்து கிடக்கின்றன. அவற்றுள் சில நம்மைத் தலைநிமிர வைக்கும்; சில தலைகுனிய வைக்கும்.

முதலில் 'ஹெல்த்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'ஹால்' என்று ஒரு சொல் இருந்தது. முழுமையானது, குறைபடாதது என்று அதற்குப் பொருள். அந்த ஒரே வேரிலிருந்து பல கிளைகள் படர்ந்தன. முழுமையைச் சொல்லும் 'ஹோல்' ஒன்று. முழுமையாக இருக்கும் நிலையைச் சொல்லும் 'ஹெல்த்' ஒன்று. சிதைந்ததை மீண்டும் முழுமையாக்குவதைச் சொல்லும் 'ஹீல்' ஒன்று. புனிதத்தைக் குறிக்கும் 'ஹோலி' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்துப் பெண்தான். ஓட்டையைக் குறிக்கும் 'ஹோல்' வேறு. ஒலியில் இரட்டைப் பிறவி, பொருளில் நேர்ப் பகை. முழுமையைக் குறிக்கும் சொல்லின் முன்னால் பிற்காலத்தில் ஓர் ஊமை எழுத்து வந்து ஒட்டிக்கொண்டதால், அதற்கும் 'ஹெல்த்'துக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போயிற்று.

வடகடலைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்த நார்ஸ் மக்களும் இதே வேரிலிருந்து ஒரு வாழ்த்தைக் கொண்டுவந்தார்கள். 'நலமாக இரு' என்பது அதன் பொருள். லத்தீன் மொழியில் நலத்துக்கும் பாதுகாப்புக்கும் 'ஸாலுஸ்' என்று பெயர். வணக்கத்தைக் குறிக்கும் 'ஸல்யூட்' அதிலிருந்து பிறந்தது. ஆன்ம மீட்சியைக் குறிக்கும் 'ஸால்வேஷன்' அதே குடும்பம். ஒருவரை எதிர்ப்படும்போது முதலில் கேட்க வேண்டியது அவருடைய நலத்தை என்பதில் எல்லா மக்களும் ஒத்த மனமுடையவர்கள் போலும். 'நலம், நலமறிய ஆவல்' என்று கடிதம் தொடங்கிய நமக்கு இது புதிய செய்தி அல்ல.

நலம் என்றால் முழுமை. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் இந்த அழகுக்குள்ளே ஒரு முள்ளும் இருக்கிறது. நலம் என்பது முழுமையானால், நோயாளி யார்? முழுமையற்றவன் என்றுதானே விடை வரும்? ஆங்கிலம் அப்படியே சொல்லியும் விட்டது. நெடுநாள் நோயில் நலிந்தவனுக்கும் உறுப்பிழந்தவனுக்கும் அந்த மொழி 'இன்வாலிட்' என்று பெயர் வைத்தது. வலிமையற்றவன் என்பது லத்தீனில் அதன் பொருள். தேதி கடந்த பயணச் சீட்டையும் செல்லாத பத்திரத்தையும் ஆங்கிலம் அதே எழுத்துக்களால்தான் குறிக்கிறது. உச்சரிப்பில் மட்டும் சிறிது வேறுபாடு. செல்லாத சீட்டு, செல்லாத மனிதன்! சொல்லை உண்டாக்கியவர்கள் கொடுமை செய்ய எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணாமல் செய்யும் கொடுமைகள்தாம் உலகில் அதிகம்.

1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்தது. நோயில்லாதிருப்பது மட்டும் நலமல்ல. உடலாலும் உள்ளத்தாலும் சமூக வாழ்வாலும் முழுமையான நன்னிலையில் இருப்பதே நலம் என்று அது இலக்கணம் வகுத்தது. 'முழுமையான' என்ற சொல் மீண்டும் வந்துவிட்டதைப் பாருங்கள். அரசாங்கங்களைத் தட்டி எழுப்புவதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் கிடையாது. ஆனால் ஒரு தனி மனிதனின் மேல் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால்? உடலில் வலியில்லாமல், உள்ளத்தில் துயரமில்லாமல், அண்டை அயலோடு பிணக்கில்லாமல் முழுமையாக இருப்பவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கணக்குப்படி உலகம் முழுவதுமே ஓர் ஆஸ்பத்திரி ஆகிவிடும்.

ஆகையால், முழுமை என்பதை உறுப்புக்களின் கணக்காக எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடுவோம். வேறு ஏதாவது பொருள் உண்டா என்று பார்க்க, இந்தக் குடும்பத்தின் அண்டை வீட்டுச் சொற்களையும் விசாரிக்க வேண்டும்.

'டாக்டர்' என்றால் லத்தீனில் ஆசிரியர். போதிப்பவர் என்பதைத் தவிர அதில் மருந்து வாடையே கிடையாது. 'நர்ஸ்' என்ற சொல் ஊட்டி வளர்ப்பதிலிருந்து வந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்தவளுக்கு உரிய பெயர் அது. 'ஹாஸ்பிடல்' என்ற சொல்லுக்கு மூலமான 'ஹாஸ்பெஸ்' என்ற லத்தீன் சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். நாம் அறிந்த ஹோட்டல், ஹாஸ்டல் இரண்டும் இதன் உடன்பிறப்புக்கள். வழிப்போக்கருக்கும் வறியவருக்கும் இடம் கொடுத்த சத்திரங்களுக்கே முதலில் இந்தப் பெயர் இருந்தது. பிரான்ஸ் நாட்டின் போன் என்ற ஊரில் 1443-ஆம் ஆண்டு ஏழை நோயாளிகளுக்காக ஒரு பெரிய மாளிகை கட்டினார்கள். அதற்கு 'கடவுளின் இல்லம்' என்று பொருள்படும்படி ஓத்தேல் தியூ என்று பெயரிட்டார்கள். அங்கே படுத்தவன் நோயாளி மட்டும் அல்லன். கடவுள் வீட்டு விருந்தாளி.

'கிளினிக்' என்பதற்குக் கிரேக்க மூலம் கட்டில். கட்டிலருகே சென்று பார்ப்பவரே அந்த வகை வைத்தியர். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 'எட்டாம் நம்பர் கட்டிலுக்கு ஊசி போட்டாயிற்றா?' என்று கேட்கும் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மனிதனைத் தேடிக் கட்டிலுக்குப் போனவர்கள், கட்டிலை மட்டும் கண்டு திரும்புகிற காலம் வந்துவிட்டது.

'தெரபி' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. கிரேக்க மொழியில் அதற்குப் பணிவிடை என்றுதான் பொருள். ஹோமரின் 'இலியத்' காவியத்தில் அக்கிலீஸ் என்ற மாவீரனின் உயிர்த் தோழனான பட்ரோக்ளஸ் அவனுடைய 'தெராபோன்' என்று அழைக்கப்படுகிறான். உடனிருந்து பணி செய்பவன் என்று அர்த்தம். போர்க்களத்தில் தொடையில் அம்பு தைத்து நொண்டி வரும் ஒருவனை இதே பட்ரோக்ளஸ் பார்க்கிறான். அவனுக்கு அவசரமான வேறு வேலை இருக்கிறது. ஆயினும் நின்று, அம்பை அறுத்தெடுத்து, வெந்நீரால் புண்ணைக் கழுவி, வேரைக் கசக்கிப் பூசிவிடுகிறான். பணிவிடையும் சிகிச்சையும் ஒரே கையில் இருந்த காலம் அது.

இனி, கட்டிலில் படுத்திருப்பவரின் பெயர். 'பேஷண்ட்' என்றால் துன்பத்தைத் தாங்குகிறவர். பொறுமைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் இதுவே. இதே வேரோடு 'உடன்' என்ற பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்தால் 'கம்பாஷன்' ஆகிறது. அதைக் கருணை என்று மொழிபெயர்க்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உடன் துன்புறுதல்' என்றுதான் வரும்.

இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஆசிரியர், தாய், விருந்தளிப்பவர், உடனிருப்பவர், உடன் துன்புறுபவர். எல்லாம் உறவுப் பெயர்கள்! ஒரு சொல்லாவது தனியாக நிற்கும் மனிதனைக் குறிக்கவில்லை. முழுமை என்பது உடம்பின் கணக்கல்ல, மனிதனோடு மனிதன் சேர்ந்திருக்கும் நிலை என்று இந்தச் சொற்கள் சேர்ந்து சொல்லுவதுபோல் இல்லையா?

'நில்லும் ஐயா! பழைய சொல்லில் இருப்பதெல்லாம் உண்மையா?' என்று ஒரு வாசகர் குறுக்கிடலாம். நியாயமான கேள்வி. சொல்லின் பிறப்பு உண்மையின் சாட்சியாகாது. 'மலேரியா' என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. சதுப்பு நிலத்துக் காற்றே காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று பல தலைமுறைகள் நம்பின. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் அந்த நோயின் கிருமியைக் கண்ட பிறகு, காற்றின் மேல் இருந்த பழி நீங்கியது. சொல்லில் மட்டும் அது நீங்கவில்லை. 'இன்ஃப்ளுயென்ஸா' என்ற சொல், விண்மீன்களின் ஆதிக்கத்தால் வருவது என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்தது. விண்மீன்கள் குற்றமற்றவை என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

கொசுவுக்குப் பதில் காற்றைக் குற்றம் சாட்டியதால் காற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மனிதனைக் குற்றம் சாட்டிய சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் கொடியது. வலியைக் குறிக்கும் 'பெயின்' என்ற சொல் லத்தீன் 'போயெனா' என்பதிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் தண்டனை. குற்றவியல் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பீனல்' என்ற அடைமொழியும் இதன் பங்காளிதான். வலிக்கிறது என்றால், நீ எதற்கோ தண்டிக்கப்படுகிறாய்! இந்த எண்ணம் ஒரு மொழியோடும் ஒரு கண்டத்தோடும் நின்றுவிடவில்லை. தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளிய சமூகங்கள் அதைப் பாவத்தின் அடையாளம் என்று சொல்லி மனச்சாட்சியைத் தூங்க வைத்தன. நார்வே நாட்டில் ஹான்ஸன் என்ற வைத்தியர் 1873-ஆம் ஆண்டில் அந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். கிருமிக்குப் பாவ புண்ணியம் தெரியாது. ஆயினும் இன்றுவரை, படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? 'உடம்பைக் கவனித்திருக்கலாமே', 'எதையாவது கண்டபடி சாப்பிட்டீர்களா?', 'யாருக்கு என்ன செய்தோமோ' என்கிறார்கள். அனுதாபத்தின் உடையில் வந்திருப்பது விசாரணை. அந்த விசாரணை நோயாளிக்குத் துணையாவதில்லை. அவனை இன்னும் தனியாக்கிவிட்டுப் போகிறது.

ஆகவே, சொற்களிடம் பாடம் கேட்கலாம். அவற்றுக்கு அடிமையாகக் கூடாது. இந்த எச்சரிக்கையோடு, நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் இரண்டு சொற்களுக்கு வருகிறேன். ஒன்று 'க்யூர்'; மற்றொன்று 'கேர்'. முதலாவது குணமாக்குவது, இரண்டாவது கவனித்துக்கொள்வது. ஓசையில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தோன்றும் இவை உண்மையில் உறவே இல்லாதவை. 'க்யூர்' லத்தீனில் 'கூரா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முதற் பொருள் கவனிப்பு, அக்கறை என்பதுதான். பொருட்காட்சிச் சாலையைக் கண்காணிப்பவருக்கு 'க்யூரேட்டர்' என்றும், சிற்றூர் மக்களின் ஆன்ம நலனைக் கவனிக்கும் பாதிரிக்கு 'க்யூரேட்' என்றும் பெயர் வந்தது இதனால்தான். 'கேர்' பழைய ஆங்கிலச் சொல். அதற்கு முதற் பொருள் துக்கம், புலம்பல். ஒருவரைக் கவனித்துக்கொள்வது என்பது அவருக்காகத் துயரப்படுவதில் தொடங்கியது என்று அந்தச் சொல் சொல்லாமல் சொல்லுகிறது.

முன்பு கவனிப்பதையே குறித்த 'க்யூர்' எப்படிக் குணமாக்குவதைக் குறிக்கும் சொல்லாக மாறியது? இதைப் பார்த்து 'அந்தக் காலத்தில் அன்பு இருந்தது, இந்தக் காலத்தில் மருந்து மட்டும் இருக்கிறது' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமூச்சில் நான் பங்கு கொள்ள மாட்டேன். அன்பு மட்டும் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு வியன்னா நகரம் சாட்சி. அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவச்சிகள், மற்றொன்றில் டாக்டர்களும் மாணவர்களும். டாக்டர்கள் பிரிவில்தான் தாய்மார் அதிகம் இறந்தார்கள். அங்கே சேர்க்க வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் கெஞ்சி அழுதார்கள். 1847-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 பேர் போல மாண்டார்கள். இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணங்களை அறுத்துப் பாடம் படித்த கைகளோடு நேரே பிரசவம் பார்க்க வந்தார்கள்! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று அவர் கட்டளையிட்ட சில மாதங்களில் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்தது. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் எல்லாரும் ஈரமற்றவர்களா? இல்லை. உண்மையாகவே உதவ விரும்பி, கையில் மரணத்தை ஏந்திக்கொண்டு கட்டிலருகே போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அறிவில்லாத அக்கறையும் கொல்லும். 1928-இல் ஃப்ளெமிங் கண்ட பெனிஸிலின், 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை ஆகியவற்றை நினைத்தால், 'க்யூர்' என்ற சொல் பொருள் மாறியது இழப்பல்ல, மனித குலம் சம்பாதித்த சொத்து என்று தெரியும்.

ஆனால் சொத்து வந்த பிறகு பழைய கடன் மறந்துவிட்டதே, அதுதான் துயரம். குணமாக்குவதே வைத்தியம் என்று ஆனபின், குணமாக்க முடியாதவனுக்கு வைத்தியத்தில் என்ன இடம்? 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு அழைத்துப் போங்கள்' என்ற வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் நம்மிடையே குறைவு. டாக்டர் பொய் சொல்லவில்லை. 'க்யூர்' என்ற சொல்லின் புதிய பொருளில் அது முழு உண்மை. பழைய பொருளில் முழுப் பொய்.

உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்த அதே 1948-ஆம் ஆண்டில், லண்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் டேவிட் டாஸ்மா என்பவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். போலந்திலிருந்து வந்த யூத அகதி. வயது நாற்பதை ஒட்டியிருக்கும். அந்நிய ஊரில் அவருக்கு உற்றாரில்லை. ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற இளம்பெண் அவரைப் பார்க்க வருவாள். முன்பு நர்ஸாக இருந்து, அப்போது நோயாளிகளின் குடும்பநலத்தைக் கவனிக்கும் ஊழியராக இருந்தவள். இறப்பவர்கள் வலியில்லாமல், தனிமையில்லாமல் இருக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். தமக்கென்று இருந்ததிலிருந்து 500 பவுனை அவர் அந்தப் பெண்ணுக்கு எழுதி வைத்தார். அவள் அமைக்கப்போகும் இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க விரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு வீட்டைக் கட்டத் தொடங்கினாள் அந்தப் பெண். அன்பு மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனவே மருத்துவம் படித்து 1957-இல் டாக்டரானாள். வலி வந்து கதறிய பிறகு மருந்து கொடுப்பதை விட்டு, வலி தலைகாட்டுவதற்கு முன்பே வேளை தவறாமல் கொடுக்க வேண்டும் என்று நிலைநாட்டினாள். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லம் திறந்தது. அதற்கு 'ஹாஸ்பிஸ்' என்ற பழைய சத்திரத்துப் பெயரையே வைத்தார்கள். அத்தகைய சிகிச்சைக்குப் பின்னர் வழங்கிய 'பாலியேட்டிவ்' என்ற பெயரும் பழையதுதான். 'பாலியம்' என்றால் லத்தீனில் மேலங்கி. நோயைப் போக்காமல் மூடிமறைக்கிற அரைகுறை வைத்தியம் என்று அந்தச் சொல்லை ஏளனமாக வழங்கி வந்தார்கள். குளிரில் நடுங்குகிறவன்மேல் மேலங்கியைப் போர்த்துவது ஏளனத்துக்கு உரிய காரியமா? குளிர்காலத்தை மாற்ற முடியாதவன் போர்வையும் தர மாட்டேன் என்றால் அதற்கு என்ன பெயர்?

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். சாசனத்தின் இலக்கணப்படி, அந்த 1948-ஆம் ஆண்டில் டேவிட் டாஸ்மாவைவிட நலம் குறைந்த மனிதர் யார்? உடல், உறவு, நாடு எல்லாம் இழந்தவர். ஆயினும் தம் கட்டிலருகே உட்கார்ந்த ஒருத்தியிடம் பேசி, இனி வரப்போகும் முன்பின் தெரியாத நோயாளிகளுக்காக ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போன அவரை முழுமையற்றவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் குணமாகவில்லை. ஆனால் 'ஹீல்' என்ற சொல்லின் பழைய பொருள் அவரிடம் பலித்தது என்றே எண்ணுகிறேன்.

தமிழில் 'குணம்' என்ற ஒரே சொல்லால் மனிதனின் பண்பையும் நோய் நீங்குதலையும் நாம் குறிக்கிறோம். நோய் நீங்கும் குணம் டாக்டர் கையில் இருக்கலாம். சில சமயம் அவர் கையிலும் இல்லாமல் போகலாம். மற்றொரு குணம் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரை இனி மருந்தில்லை என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தால், 'என்ன சொல்லுவது என்று தெரியவில்லை' என்று தயங்கி நாம் போகாமல் இருந்துவிடுகிறோம். ஒன்றும் சொல்ல வேண்டாம். விசாரணையும் வேண்டாம். போய், கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில் அதுவே செய்ய வேண்டிய முதல் காரியம்.